மாவைக் கலக்கிய கை

தாராவி
8 ஏப்ரல் 2024

ராஜிமாமி அவர்களுக்கு, இட்லிக்காரர் பலவேசம் சொல்லி எழுதுவது.

போன வாரம் மாட்டுங்காவில் உங்கள் தம்பி பஞ்சு சார் வீட்டு வாசலில் நின்று நீங்கள் சொன்னதற்கெல்லாம் நான் அன்றைக்கே பதில் சொன்னேன். உங்களுக்குக் காது கேட்காது என்பது அந்தக் கோபத்தில் மறந்துபோயிற்று. நான் கத்தியது கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் கேட்டிருக்கும், உங்களுக்குத் தவிர. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், எழுத்தில்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜுவைரியா எழுதுகிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பை தைக்கிறவள். நோன்பு நேரம் வேறு. "அண்ணாச்சி, வாய் நோன்புல இருக்கும்போது கை மட்டும் ஏசுமா? நல்ல வார்த்தையாச் சொல்லுங்க" என்கிறாள். அவள் புருஷன் கரீம் பாட்சா தினமும் உங்கள் வாஷி மார்க்கெட்டுக்கு வெங்காய வேலைக்கு வருகிறவர். உங்கள் பில்டிங் வாட்ச்மேனிடம் இதைக் கொடுப்பார்.

பஞ்சு சாரின் எழுபதாம் வயசுச் சாந்திக்கு வந்த சொந்தக்காரர்களுக்கு மறுநாள் காலை டிபன் நான்தான் கொடுத்தேன். இட்லியும் தேங்காய்ச் சட்னியும். மத்தியானத்துக்குள் எல்லாரும் வாந்தி எடுத்தார்கள், இரண்டு பேருக்கு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விசாரிக்கத்தான் வந்தேன். நீங்கள் எல்லார் முன்னாலும், "தாராவித் தண்ணி, வேறென்ன" என்று சொன்னீர்கள். காது போனதிலிருந்து உங்கள் குரல் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியாது. அந்த பில்டிங் வாட்ச்மேன் இப்போது என்னை கேட்டுக்குள் விடுவதில்லை. பக்கத்து இரண்டு பில்டிங்கிலும் அதே கதை.

மாமி, நான் காய்ச்சி ஆறவைக்காத தண்ணீரை மாவுக்கு ஊற்றினவன் இல்லை. இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று நினைவிருக்கிறதா? நீங்கள்தான். அப்போது என் மகன் சபாவுக்கு ஆறு வயசு. தொண்டை வலி வந்து போய், பிறகு காய்ச்சல் வந்து, ஒரு நாள் முழங்கால் வீங்கும், மறுநாள் அது வற்றி முழங்கை வீங்கும். கணபதி விசர்ஜன் முடிந்த மறுநாள், மழை விட்டிருந்தது. நீங்கள் பச்சைக் கரை போட்ட புடவையோடு ஆஸ்பத்திரி லாப் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். நான் இட்லியை வைத்துவிட்டு, "பையன் ஆடுமாடு மாதிரி நொண்டுதான் மாமி" என்றேன். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, "முட்டு மாறி மாறி வீங்கறதா? இன்னிக்கே அழைச்சுண்டு வாங்கோ" என்றீர்கள். உங்கள் லாபிலேயே தொண்டையில் பஞ்சு தேய்த்துப் பார்த்தீர்கள். காய்ச்சல் நெஞ்சைக் கெடுக்காமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, வருஷக் கணக்காக. ஒரு ஊசி தவறினாலும் வாசலில் வைத்துத் திட்டினீர்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்கச் சொன்னதும் அப்போதுதான். இன்றைக்கு சபா அணுசக்தி நகரில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான். அவன் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிற ஒவ்வொரு அடியும் உங்கள் பேரில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆர்டர் கேட்டு எழுதவில்லை. தண்ணீர் காரணமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

வீட்டுக்காரி பூமாரியும் உங்களை வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். விரல் வீங்கிப் படுத்திருப்பதால் வர முடியவில்லை.

பலவேசம்


வாஷி
9 ஏப்ரல் 2024

பலவேசம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வார்த்தையை முதலில் எழுதிவிடுகிறேன். தண்ணீர் காரணமில்லை. சோதிக்காமல் ஒரு முடிவைச் சொல்வது என் வேலையில் பெரிய பிழை. அதை நடுவாசலில் செய்தேன். மன்னியுங்கள். பஞ்சுவிடமும் சொல்லிவிட்டேன், அவன் பில்டிங் சொஸைட்டியில் பேசுவான்.

மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் பூமாரியின் விரலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் அவசரம்.

பஞ்சு வீட்டு ஃப்ரிட்ஜில் மீந்திருந்த சட்னியை அன்று மாலையே ஒரு டப்பாவில் எடுத்து, செம்பூரில் லாப் வைத்திருக்கும் பத்மஜாவிடம் கொடுத்தேன். அவள் என் கீழ் வேலை பார்த்தவள். நேற்று முடிவு அனுப்பினாள். கிருமி வளர்க்கும் தட்டு முழுக்கத் தங்க நிறத்தில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்துப் போலத் தெரியும். இது சாக்கடையில் இருந்து வருவதில்லை. நம் மூக்கில், தோலில் சும்மா இருப்பது. மூன்று பேரில் ஒருவர் மூக்கில் இருக்கும், நல்லது கெட்டது எதுவும் செய்யாது. ஆனால் தோலில் ஒரு கீறல் கிடைத்தால் உள்ளே போய்ச் சீழ் கட்டும். அந்தக் கை உணவில் பட்டு, உணவு வெயில் நேரத்தில் சில மணி நேரம் வெளியே இருந்தால், ஒரு விஷத்தைக் கக்கி வைக்கும். அப்புறம் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது. சாந்திக்கு மறுநாள் எல்லாரும் அசதியில் தூங்கி எழுந்து, பத்து மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். நீங்கள் விடியற்காலையில் கொண்டுவந்து வைத்த சட்னி.

பூமாரிக்கு எந்தக் கை, எந்த விரல்? எத்தனை நாளாக வீக்கம்? விரலிலிருந்து மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறுகிறதா? அவளுக்குச் சர்க்கரை உண்டு என்று ஞாபகம். இவற்றுக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சுண்ணாம்பு மஞ்சள் குழைத்துப் போட்டிருந்தால் கழுவிவிடச் சொல்லுங்கள்.

குற்றம் சொல்லவில்லை. பயந்து எழுதுகிறேன்.

ராஜலக்ஷ்மி


தாராவி
13 ஏப்ரல் 2024

மாமிக்கு,

முதலில் கோபம்தான் வந்தது. தண்ணீர் மேல் இருந்த பழியை எடுத்து என் பெண்டாட்டி தலையில் வைத்துவிட்டீர்களே என்று. ஜுவைரியா வாசித்து முடித்துவிட்டு எழுந்து பூமாரி கையைப் பிடித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு மஞ்சள்தான் போட்டிருந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்களோ. வலது கை, ஆள்காட்டி விரல். மீன் முள் குத்தியது, பங்குனி உத்திரத்துக்கு முன்னால்.

அதோடு அவள் தினமும் மாவு கலக்கியிருக்கிறாள், சட்னிக்கு உப்புப் போட்டுப் பிசைந்திருக்கிறாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "கழுவிட்டுத்தான தொடுதேன்" என்றாள். நானும் சரி என்றேன். எங்கள் வீட்டில் மாவில் கரண்டி விழுந்ததே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு சபா வந்து கூட்டிப்போனான். சீழைக் கீறி எடுத்தார்கள். தினமும் காலையும் மாலையும் ஊசி, மாத்திரை. காய்ச்சல் இறங்கிவிட்டது. நீங்கள் கேட்ட சிவப்புக் கோடு மணிக்கட்டு வரைக்கும் ஏறியிருந்தது, அதுவும் மங்கிவிட்டது. கோடு இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சபாவிடம் தனியாகச் சொன்னார். அவன் அதை என்னிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதச் சொல்லிக்கொண்டிருப்பேன். இரண்டாவது தடவை, மாமி.

ஆனால் விஷயம் முடியவில்லை. எக்ஸ்ரே போட்டோ எடுத்ததில் சீழ் விரல் நுனி எலும்புக்குள் போய்விட்டது என்று தெரிந்தது. முதல் கணு வரைக்கும் எடுத்துவிட்டால் மீதிக் கை பிழைக்கும், விட்டுவைத்தால் மாத்திரை நிறுத்தினதும் திரும்ப ஏறும் என்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பூமாரி மாட்டேன் என்கிறாள். டாக்டரம்மா இந்தியில் அழகாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "ஏங்க, அந்த டாக்டர் புள்ளைட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. வெரல வெட்டுன பொறவு மாவு பொங்குமா?" என்றாள். இதை நான் எந்த இந்தியில் கேட்பது?

நீங்கள் சிரிக்கக்கூடாது. டிசம்பர் குளிரில் எங்கள் சந்தில் பாதி வீட்டில் மாவு பொங்காது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விடிவதற்கு முன் வாசலில் வந்து நிற்பார்கள். தமிழ்க்காரர்கள் மட்டுமில்லை, எதிர் வரிசை யூ.பி.க்காரிகூட வருவாள். பூமாரி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். கையை விட்டு அடிவரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுப்பாள். மத்தியானத்துக்குள் மூடி எழும்பிவிடும். இந்தச் சந்தில் அவளுக்குப் பேர், மரியாதை எல்லாம் அந்தக் கையில்தான் இருக்கிறது. "கையோட போறேன், கையில்லாம இருக்கமாட்டேன்" என்கிறாள்.

நான் என்ன சொல்லி அவளைக் கூட்டிப்போவது?

பெருநாளுக்கு ஜுவைரியா கொடுத்த வட்டிலப்பத்தில் உங்களுக்கும் ஒரு துண்டு கரீம் பாட்சா கொண்டுவருவார். இனிப்புதான், முட்டை உண்டு. வேண்டாம் என்றால் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பலவேசம்


வாஷி
14 ஏப்ரல் 2024, விஷு

பலவேசம் அவர்களுக்கு,

வட்டிலப்பத்தை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன் என்று எழுதினால் பொய். பாதி கொடுத்தேன்.

இன்று கணி கண்டுவிட்டு, பூமாரியின் கேள்வியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது நல்ல கேள்வி. லாபில் எத்தனையோ டாக்டர்கள் என்னிடம் கேட்டவற்றைவிடத் தெளிவானது. தெரிந்தவரைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கண்ணாடித் துண்டில் சீழோ சளியோ தடவி, அதன்மேல் ஊதாச் சாயம் ஊற்றுவேன். அப்புறம் ஸ்பிரிட் விட்டுக் கழுவுவேன். சில கிருமிகள் சாயத்தை விட்டுவிடும். சில விடாது, எவ்வளவு கழுவினாலும் ஊதாவாகவே நிற்கும். விடாமல் பிடித்துக்கொள்ளும் ஜாதிக்கு கிராம் பாசிட்டிவ் என்று பெயர். சபாவின் தொண்டையில் நான் பார்த்தது அந்த ஜாதி, மணி கோத்த மாதிரி சங்கிலியாக. பூமாரி விரலில் இருப்பது அந்த ஜாதி, கொத்தாக. நான் ரிடையரான மறு வருஷம் மூளைக் காய்ச்சலாக வந்து என் இரண்டு காதையும் கொண்டுபோனதும் அந்த ஜாதிதான், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனை வருஷம் அதைச் சாயம் போட்டுப் பார்த்தவளுக்கே அது வந்ததென்று லாபில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன் என்று பத்மஜா எழுதிக் காட்டினாள்.

இப்போது கேளுங்கள். உங்கள் மாவை ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டாலும் ஊதாவாகத்தான் இருக்கும். மாவைப் புளிக்க வைத்துப் பொங்க வைப்பவையும் அதே ஜாதியில் சேர்ந்தவை. ஜாதி ஒன்று, குணம் வேறு. நெஞ்சைக் கெடுப்பதும் இதில் உண்டு, இட்லியைப் பூவாக ஆக்குவதும் இதில் உண்டு. கொடியதோடு பழகிப் பழகி நான் நல்லதைப் பற்றிப் பேசாமலே ரிடையராகிவிட்டேன்.

அந்த நல்லவை எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் உளுந்திலிருந்தே. தோலோடு வயலிலிருந்து கூடவே வருகின்றன. நீங்கள் ஊற வைக்கும்போது விழித்துக்கொள்கின்றன. பூமாரியின் கைக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் பொங்கின மாவிலிருந்து எடுத்த கையை இன்னொரு பாத்திரத்தில் விட்டால், அங்கேயும் இவை போய்ச் சேரும். கையின் சூடும் உதவும். சந்துக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் விரல் நுனி போனால் மாவு பொங்காது என்பதில்லை.

நான் சொன்னால் நம்பமாட்டாள். நீங்களே பாருங்கள். வழக்கம்போல ஊற வைத்து அரைத்து, உப்புப் போட்டு, கொதிநீரில் கழுவின கரண்டியால் கலக்கி வையுங்கள். யார் கையும் படக்கூடாது. காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமையைத் தவறவிட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன் என்று பூமாரியிடம் சொல்லுங்கள்.

ராஜலக்ஷ்மி


தாராவி
18 ஏப்ரல் 2024, காலை

மாமிக்கு,

சாயம் விடாது என்று எழுதியிருந்தீர்களே, அது எனக்குப் புரிந்தது. தோல் பதனிடும் கொட்டடியில் வேலை பார்த்தவர்கள் முழங்கை வரைக்கும் அப்படித்தான் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

நீங்கள் சொன்னபடி செவ்வாய்க்கிழமை அவள் தூங்கின பிறகு நானே கரண்டியால் கலக்கி வைத்தேன். மாவு கலக்குவது எனக்கு முதல் தடவை. நேற்றுக் காலை திறந்தேன். மாமி, பொங்கியிருந்தது. விளிம்பைத் தொட்டுக்கொண்டு நுரை நுரையாக.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. களவு செய்தவன் மாதிரி மூடியைத் திரும்பப் போட்டு, சாக்கை இழுத்து மூடிவிட்டேன். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதைக் காட்டத்தான் வேண்டும். காட்டினால் இத்தனை வருஷமாக அவளுக்கு இருந்த ஒன்றை நானே பிடுங்கின மாதிரி ஆகும். டீயைக் குடித்தேன், திரும்ப ஒரு டீ குடித்தேன். அவள் உள்ளேயிருந்தே, "அந்த மூடிய எத்தன தடவதான் தொறந்து மூடுவீரு? வாடை இங்க வரைக்கும் வருது" என்றாள்.

எழுந்து வந்து பார்த்தாள். இடது கையால் சாக்கை விலக்கினாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். கரண்டியை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "பொங்கும். பொங்கறது பெரிசில்ல. தின்னு பாக்கணும்லா" என்றாள்.

அவள் போட்ட நிபந்தனையை அவள் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறேன்: "இன்னைக்கும் ஒரு பானைய நீங்க கரண்டியாலயே கலக்கி வைங்க. இன்னொண்ண நான் கலக்குதேன். ரெண்டுலயும் ரெண்டு இட்லி சுட்டு மாமிக்குக் குடுத்துவிடுவோம். எந்த டப்பா எதுன்னு எழுதப்பிடாது. மாமி நாக்கு என் கைய கண்டுபிடிச்சிட்டுன்னா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். கண்டுபிடிக்கலன்னா வாரேன். அதுக்கு மேல யாரும் பேசப்பிடாது."

புண் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கலக்குவாய் என்றேன். இடது கையைச் சுடுதண்ணீரில் கழுவிக் கலக்குகிறேன் என்றாள். நான் அரிசிக் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் வேலையை முடித்திருந்தாள்.

இரண்டு டப்பா கரீம் பாட்சாவிடம் வருகிறது. ஒன்றில் ஜுவைரியாவின் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, ஒன்றில் இல்லை. ஈடு ஊற்றும்போது என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள், எது எதுவென்று எனக்கும் தெரியாது. அவருடைய மார்க்கெட் வேலை முடிகிறவரைக்கும் வாட்ச்மேன் பதிலை வாங்கி வைக்கட்டும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. உங்களைப் பொய் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்கச் சொல்லி ஜுவைரியா என்னைப் பிடுங்குகிறாள். "எழுதட்டுமா அண்ணாச்சி, எழுதட்டுமா" என்று. நான் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பலவேசம்


வாஷி
18 ஏப்ரல் 2024, மத்தியானம்

பலவேசம், பூமாரி இருவருக்கும்,

இரண்டு டப்பாவிலும் சாப்பிட்டேன். மெதுவாக, ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல். எது கை, எது கரண்டி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போ பூமாரி.

ராஜலக்ஷ்மி


தாராவி
2 மே 2024

மாமிக்கு,

பூமாரி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்றுத் தையல் பிரித்தார்கள்.

உங்கள் சீட்டை ஜுவைரியா வாசித்ததும் பூமாரி எழுந்து, புடவையை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள். "சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றாள். அவ்வளவுதான்.

முதல் கணு வரைக்கும் எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்ததில் நீங்கள் சொன்ன அதே கொத்துக் கிருமிதான், இப்போது கை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே இல்லை. அவரும் ஆரம்பத்தில் ஒரு விரல்தான் என்றார். அதைக் கேட்ட பிறகு பூமாரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வராந்தாவில் போய் நின்றேன். வாஷி எந்தப் பக்கம் என்று ஒரு வார்ட்பாயைக் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். அவன் நான் ஏதோ கோயிலைக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

பஞ்சு சார் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். பழம் வாங்கி வந்தார். "நாங்க எல்லாரும் ஒரு நாள் வாந்தி எடுத்தோம், நீ ஒரு விரலே குடுத்துட்டியே" என்று அவர் கண் கலங்க, பூமாரிதான் அவரைத் தேற்றினாள். வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டாராம். சட்னியை இனிமேல் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவருவேன், கையில் கீறல் இருந்தால் அன்றைக்கு லீவு என்று அவரிடம் நானாகவே சொன்னேன்.

முதலில் பிள்ளை, இப்போது பெண்டாட்டி. இரண்டு பேரையும் நீங்கள்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாம் தலையில்தான் இருக்க வேண்டும். இது கடைசிவரைக்கும் இருக்கும்.

பலவேசம்


வாஷி
4 மே 2024

பலவேசம் அவர்களுக்கு,

படித்ததும் சுவாமி விளக்கை ஏற்றினேன். மாட்டுப்பெண் என்ன விசேஷம் என்று எழுதிக் காட்டினாள். ஒரு ரிப்போர்ட் நல்லபடியாக வந்திருக்கிறது என்றேன்.

இனி ஒரு விஷயத்தை என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது. கை பிழைத்துவிட்டது, இனிமேல் சொன்னால் யாரும் பின்வாங்க முடியாது, அதனால் சொல்கிறேன். அன்று நான் எழுதியது பொய். லாபில் இருந்த காலமெல்லாம் பார்க்காததைப் பார்த்தேன் என்றோ, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றோ ஒரு வரி எழுதினவள் இல்லை நான். முதல் தடவையாக எழுதினேன்.

எனக்குத் தெரிந்தது. முதல் விள்ளலிலேயே தெரிந்தது. நூல் இல்லாத டப்பாவில் இருந்தது நல்ல இட்லிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு நூல் டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டதும், அந்தக் காலத்தில் நான் இருந்த மாட்டுங்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ட்யூட்டிக்கு ஓடின அத்தனை காலையும் வந்துவிட்டது. அந்த மெதுவு, அந்த லேசான புளிப்பு. காது போன பிறகு எனக்குப் பழைய நாட்கள் சத்தமில்லாமல்தான் ஞாபகம் வரும். அன்று உங்கள் சைக்கிள் ஹார்ன்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. அது பூமாரியின் கை. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

உளுந்தில் என்ன இருக்கிறது, கையில் என்ன இருக்கிறது என்று நான் எழுதினதெல்லாம் சரிதான். ஆனாலும் நாக்கு கண்டுபிடித்தது. எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

இதைப் பூமாரியிடம் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். வருத்தப்படுவாள் என்றால் சொல்ல வேண்டாம். அவளை ஏமாற்றி விரலை எடுக்க வைத்தேன் என்று அவள் நினைத்தால், அந்தக் கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ராஜலக்ஷ்மி


தாராவி
7 மே 2024

மாமிக்கு,

பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜுவைரியா வாசிக்கிற குரல் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும், இதில் நான் பார்த்து எங்கே சொல்வது? பூமாரி என் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

கோபப்படுவாள் என்று நான் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். ஜுவைரியாவுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எடக்கையால யாருக்காவது சாப்பாடு குடுப்பேனா நான்? அதுவும் மாமிக்கு? நீங்க அரிசிக்கடைக்குப் போனதும் ரெண்டாவது பானைல மாவு ஊத்தாமலே கவுத்து வச்சிட்டேன். ரெண்டு டப்பாவும் நீங்க கலக்குன ஒரே பானை. ஒரே ஈடு."

"பொறவு எதுக்குடி இந்த நாடகம்?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு புதன்கிழம காலையிலயே முடிவு பண்ணிட்டேன். மூடியத் தொறந்து பாத்தப்பவே. நானில்லாமலும் பொங்குதுன்னா எனக்கு என்ன பிடிவாதம்? ஆனா போறதுக்கு முன்ன ஒரு தடவ, அந்த வாய் என் கையத் தேடுதான்னு பாக்கணும்போல இருந்துச்சு. மாமி தெரியலன்னு எழுதினதும், சரி, தேடல, அவ்வளவுதான்னு கெளம்பிட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் காயை நறுக்கிவிட்டு, "தேடிருக்காவ பாத்தீங்களா" என்றாள். "இல்லாத எடத்துலயும் தேடிருக்காவ. எனக்காவப் பொய்யும் சொல்லிருக்காவ. இந்த ஒரு வெரலுக்கு இது போதும்."

அந்தப் பக்கத்தை ஜுவைரியாவிடம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மத்தியானம் யூ.பி.க்காரி வந்தபோது அவளுக்காக இந்தியில் ஒரு தடவை.

நேற்றுத்தான் திரும்பவும் மாவு அரைத்தோம். கரண்டிதான். அவள் பக்கத்தில் நின்று, "அடி வரைக்கும் விடுங்க, சுத்தி எடுங்க, அப்படியில்ல" என்று என்னை வைதுகொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆர்டர், பஞ்சு சார் வீட்டுக்கு. நீங்களும் அங்கே வர வேண்டும் என்கிறாள். வாசலில் நின்று பேச வேண்டாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒரு சொட்டு மாவு தனியாக எடுத்து வைத்திருப்பாள், பத்மஜாம்மாவின் கண்ணாடியில் அந்த ஊதாவைக் காட்ட வேண்டுமாம்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அன்றைக்கு அந்தப் பானையைக் கலக்கியது நான். மெதுவு, புளிப்பு, சைக்கிள் ஹார்ன் என்று நீங்கள் எழுதினீர்களே, அதெல்லாம் என் கை. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் மாவை ஒருத்தர் புகழ்ந்தது இதுவே முதல் தடவை, அதுவும் அவள் பேரில் எழுதிவிட்டீர்கள். அப்படியே இருக்கட்டும் மாமி. திருத்த வேண்டாம்.

பலவேசம்